பெரிய மோட்டர் வாங்குமுன்: வன்னித் தோட்டம் ஒன்றை வைத்துப் பொறியியல் வடிவமைப்பைப் படிப்படியாகக் கற்றல்

மாங்குளம், ஒட்டுசுட்டான், கனகராயன்குளம் பக்கம் ஆவணி மாதத்தில் எந்த மேட்டுக்காணித் தோட்டக்காரரோடு பேசினாலும் ஒரு வசனம் காதில் விழும்: "தம்பி, இந்த மோட்டர் காணாது. பெரிசா ஒன்று போடவேணும்."

அந்த வசனத்துக்குள் ஒரு பிரச்சினையும் ஒரு தீர்வும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பிரச்சினை, பயிருக்குத் தண்ணீர் போதவில்லை. தீர்வு, பெரிய மோட்டர். இரண்டையும் முதலில் பிரித்தெடுக்க வேண்டும். பிரிக்காமல் கடைக்குப் போனால் விற்பவர் சொல்வதுதான் வடிவமைப்பு என்றாகிவிடும்.

உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பவியல் படிக்கும் பிள்ளைகள், கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் புதிதாக வந்தவர்கள், கமக்காரர் அமைப்புக்குத் திட்டம் எழுதிக் கொடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே எடுத்துக்காட்டுத்தான்: அரை ஏக்கர் மிளகாய், 4 மீற்றர் அகலமான ஒரு வட்டக் கிணறு, கோடை காலம். உங்கள் காணிக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 1: பொருளின் பெயர் வராமல் பிரச்சினையை எழுதுங்கள்

ஒரு தாளில் ஒரே வசனத்தில் பிரச்சினையை எழுதிப் பாருங்கள். அதில் மோட்டர், சோலர், ராங்கி, குழாய் என்ற எந்தச் சொல்லும் வரக்கூடாது. "பெரிய மோட்டர் தேவை" என்று எழுதினால் பதில் முடிந்துவிட்டது, யோசிக்க இடமில்லை. "ஆடி, ஆவணியில் அரை ஏக்கர் மிளகாய்க்கு நாளாந்தம் தேவையான ஈரம் கிடைப்பதில்லை, பூ உதிர்கிறது" என்று எழுதினால் பத்து வழிகள் திறக்கும். தண்ணீரைக் கூட்டலாம், இழப்பைக் குறைக்கலாம், பயிரை மாற்றலாம், விதைக்கும் நாளை முன்னே கொண்டுவரலாம்.

எழுதியபின் "ஏன்" என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஏன் ஈரம் இல்லை? கடைசிப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேர்வதில்லை. ஏன்? மோட்டர் முக்கால் மணித்தியாலத்தில் காற்றை இழுக்கத் தொடங்குகிறது. ஏன்? கிணறு வற்றிவிடுகிறது. மூன்றாவது கேள்வியிலேயே மோட்டர் மேல் இருந்த குற்றச்சாட்டு தளர்ந்துவிட்டது. கிணறு ஊறுகிற வேகம்தான் இங்கே கையைக் கட்டுகிறது என்றால், பெரிய மோட்டர் அதே கிணற்றை இன்னும் விரைவாக வற்றவைக்கும், அவ்வளவுதான். ஆனால் இது இன்னும் ஊகம். அளந்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

படி 2: போய்ப் பாருங்கள், பாவிப்பவரைக் கேளுங்கள்

பகலில் ஒருமுறை, விடியக்காலையில் ஒருமுறை போங்கள். தண்ணீர் இறைக்கும் நேரத்தில் ஆள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பல வீடுகளில் மோட்டரைப் பின்னேரம் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். தோட்டத்தில் விட்டால் காலையில் இருக்காது. அப்படியென்றால் அந்தப் பொருளின் நிறை ஒரு வடிவமைப்பு எண் ஆகிவிடுகிறது. தூக்குவது யார்? போருக்குப் பிறகு வன்னியில் பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்கள் நிறைய. கை, கால் இழந்தவர்கள் தோட்டம் செய்கிறார்கள். கயிற்றை இழுத்து இயக்கும் இயந்திரத்தை ஒரு கையால் இயக்க முடியுமா? வட்டச் சில்லு வால்வைவிட நெம்பு வைத்த வால்வு ஒற்றைக் கைக்குச் சுலபம். தரையோடு கிடக்கும் வால்வைவிட இடுப்பளவில் உள்ள வால்வு செயற்கைக் காலோடு நடப்பவருக்குச் சுலபம். இவற்றுக்குப் பெரிய மேலதிகச் செலவு இல்லை. ஆனால் குழாய் பொருத்தியபின் யோசித்தால் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

காணியைச் சுற்றி நடக்கும்போது கேட்க வேண்டியவை வேறும் உண்டு. கட்டாக்காலி மாடுகள் எந்தப் பக்கத்தால் வரும்? யானை வருமா? காட்டுப்பன்றி கிளறுமா? எலி குழாயைக் கடிக்கிறதா? 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. அந்தத் தண்ணீர் இந்தக் காணியில் எதுவரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள். சுவரிலோ மரத்திலோ கை வைத்துக் காட்டுவார்கள். அந்த அடையாளத்துக்கு மேலேதான் உங்கள் மின்பெட்டி இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் தவறாமல் கேளுங்கள். குழாய் புதைக்கக் கான் வெட்டப் போகிறீர்கள் என்றால், அந்த நிலம் கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். முகமாலை போன்ற இடங்களில் போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்தும் அகற்றும் பணி நடந்தது. நில அளவைப் படத்தில் இது தெரியாது. தெரிந்தவர்கள் அங்கே வாழ்பவர்கள்தான்.

படி 3: அளவுங்கள்

முழு வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதற்கு ஒரு நூல், ஒரு கல், ஒரு மணிக்கூடு, ஒரு கொப்பி போதும்.

கிணறு ஊறுவதை அளக்கும் முறை இது. பின்னேரம் ஆறு மணிக்கு, வழக்கமாக நிறுத்தும் மட்டம் வரை இறைத்துவிட்டு நிறுத்துங்கள். நூலில் கல்லைக் கட்டி இறக்கி, கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழே என்று குறியுங்கள். முதல் சில மணித்தியாலங்கள் ஒவ்வொரு மணிக்கும் அளந்து, பிறகு காலை ஆறு மணிக்குக் கடைசியாக ஒருமுறை அளவுங்கள். மட்டம் மேலே வரவர ஊறும் வேகம் குறைவதைக் காண்பீர்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்கும் கிணற்று மட்டத்துக்கும் இடையிலான வித்தியாசம்தான் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. வித்தியாசம் குறைந்தால் வேகமும் குறையும்.

4 மீற்றர் விட்டமுள்ள கிணற்றின் பரப்பு சுமார் 12.5 சதுர மீற்றர். அதாவது மட்டம் 1 சென்ரிமீற்றர் ஏறினால் 125 லீற்றர் ஊறியிருக்கிறது. இரவு முழுவதும் 1 மீற்றர் ஏறினால் 12,500 லீற்றர். இந்த எண்ணைக் கொப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள். இனிமேல் வரும் எல்லாவற்றையும் இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

அளக்கும் மாதம் முக்கியம். வன்னிக்கு மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடுகிறது. பெப்ரவரியில் அளந்தால் கிணறு தாராளமாக ஊறும். அந்த எண்ணை நம்பிக் கட்டியது ஓகஸ்டில் கைவிடும். ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் அளவுதான் வடிவமைப்புக்கு உரியது. அதுவரை காத்திருக்க வழியில்லை என்றால், கிணற்றுச் சுவரில் உள்ள பழைய நீர்க்கறையையும் வீட்டில் உள்ள பெரியவர்களின் ஞாபகத்தையும் வைத்துக் கோடைக் கடைசி மட்டத்தை மதிப்பிடுங்கள்.

அடுத்தது பயிரின் தேவை. சோளகக் காற்று வீசும் கோடையில் நன்றாக வளர்ந்த மரக்கறிப் பயிருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 5 மில்லிமீற்றர் தண்ணீர் தேவை என்று கணக்குப் பார்க்கலாம். அரை ஏக்கர் ஏறத்தாழ 2,000 சதுர மீற்றர். 5 மில்லிமீற்றர் என்றால் 10,000 லீற்றர். வாய்க்காலால் விட்டுப் பாத்திகளில் பாய்ச்சும்போது போகிற வழியிலேயே மண் குடித்துவிடும். பயிருக்குப் போய்ச் சேர்வது 60 வீதம் என்று வைத்தால், கிணற்றிலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 17,000 லீற்றர்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேவை 17,000, கிணறு தருவது 12,500. படி 1இல் இருந்த ஊகம் உறுதியாகிவிட்டது. எவ்வளவு பெரிய மோட்டர் போட்டாலும் இந்த 4,500 லீற்றர் இடைவெளியை அது நிரப்பாது. சொட்டு நீர்ப்பாசனத்தில் 90 வீதம் பயிருக்குப் போய்ச் சேரும் என்று எடுத்தால் தேவை சுமார் 11,100 லீற்றர். அதைக் கிணறு தரும், மட்டுமட்டாக.

தண்ணீரின் தன்மையையும் இதே கட்டத்தில் பாருங்கள். வீட்டுக் கேத்தலைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கிறதா? இருந்தால் அது கல்சியம் கூடிய தண்ணீர். சொட்டு நீர்க் குழாயில் தண்ணீர் சொட்டும் சொட்டுவாயின் மெல்லிய துளையை அதே பொருக்குத்தான் அடைக்கும். மண் நிறத்தில் கறை படிந்தால் இரும்பு. முடிந்தால் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பாருங்கள்.

படி 4: கட்டாயமும் விருப்பமும்

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் மாற்ற முடியாதவை, வலப்பக்கம் இருந்தால் நல்லவை. இடப்பக்கத்தில் வரும் ஒவ்வொன்றையும், கடைசியில் ஆம் அல்லது இல்லை என்று சோதிக்கக்கூடியவாறு எழுத வேண்டும். "நல்ல தண்ணீர் வசதி" என்பதைச் சோதிக்க முடியாது. "செப்டெம்பர் முதல் வாரத்தில், ஒருவர் தனியே, பாரம் தூக்காமல், ஒரே பகலில் 11,100 லீற்றரைத் தோட்டத்தின் கடைசிக் கன்றுவரை கொண்டுபோக வேண்டும்" என்பதைச் சோதிக்கலாம். "பழுதானால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்கும் உதிரிப்பாகத்தால், உள்ளூர் ஆள் திருத்த வேண்டும்" என்பதையும் கட்டாயப் பக்கத்தில்தான் வைப்பேன். கொழும்பிலிருந்து பாகம் வர இரண்டு கிழமை எடுத்தால் அதற்குள் மிளகாய் காய்ந்துவிடும்.

கட்டுப்பாடுகளைப் பற்றி வன்னிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1990களின் பொருளாதாரத் தடையின்போது பெற்றோலைச் சில துளி விட்டு இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்கள், சொற்ப எண்ணெயில் இரவெல்லாம் எரிந்த ஜாம் போத்தல் விளக்கு, சைக்கிள் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலி எல்லாமே எங்கள் ஆட்கள் செய்த வடிவமைப்புகள். எது இல்லை என்பதை முதலில் தெளிவாகத் தெரிந்துகொண்டு, இருப்பதற்குள் வழி தேடினார்கள். கஷ்டகாலக் கதையாக மட்டும் அவற்றை நினைவுகூர்வது போதாது. தொழில்நுட்பப் பாடத்தில் வைத்துப் படிப்பிக்க வேண்டியவை அவை.

படி 5: குறைந்தது ஐந்து வழிகளை எழுதுங்கள்

முதலில் தோன்றுகிற வழியோடு மனம் ஒட்டிவிடும். அதனால் வேண்டுமென்றே மற்றவற்றையும் எழுத வேண்டும். எங்கள் எடுத்துக்காட்டுக்கு இவை வரும்: கிணற்றை ஆழமாக்குவது, குழாய்க்கிணறு அடிப்பது, சொட்டு நீர்ப்பாசனம், காலபோக அறுவடையில் கிடைத்த வைக்கோலால் பாத்தியை மூடி ஆவியாவதைக் குறைப்பது, பரப்பைக் குறைப்பது, கோடையில் மிளகாயை விட்டு எள்ளு, பயறு, கச்சான் போடுவது.

ஒவ்வொன்றையும் முதலில் கட்டாயப் பக்கத்தோடு ஒப்பிட்டு, ஒத்துவராததை வெட்டிவிடுங்கள். மிஞ்சியவற்றுக்கு மட்டும் செலவு, திருத்தும் வசதி, ஆள் வேலை, ஆயுள் என்று புள்ளி போடலாம். கூட்டிப் பெரிய எண்ணை எடுத்ததோடு வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். ஒரு புள்ளியைச் சற்று மாற்றினால் வெற்றியாளர் மாறுகிறாரா என்று பாருங்கள். மாறினால் அந்த இடத்தில் இன்னும் அளக்க வேண்டும் என்று பொருள்.

குழாய்க்கிணறு பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கடைசி வழியாக வையுங்கள். நிலத்தடி நீருக்கு வேலி இல்லை. நீங்கள் ஆழத்திலிருந்து இழுப்பது பக்கத்துக் காணிக் கிணற்றின் ஊற்றாகவும் இருக்கலாம். பூநகரி போன்ற கரையோரப் பகுதிகளில் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உவர் உள்ளே வரும். வந்த உவர் இலேசில் திரும்பிப் போகாது. வடிவமைப்பால் பாதிக்கப்படுபவர் பட்டியலில் அயலவரும் இருக்கிறார்.

வைக்கோல் மூடுபடைக்கு ஏறத்தாழச் செலவே இல்லை. அதை எப்படியும் சேர்த்துக்கொள்வோம். பிரதான வழியாகச் சொட்டு நீர்ப்பாசனத்தை எடுத்து அடுத்த படிக்குப் போகலாம்.

படி 6: கணக்கு

கிணற்று நீரை உயரத்தில் வைத்த ராங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து சொட்டுக் குழாய்களுக்குத் தானாக இறங்க விடுவதுதான் திட்டம். முதலில் சக்தி. கோடையில் கிணற்று மட்டம் இறங்கும் ஆழம் 7 மீற்றர், ராங்கியின் வாய் தரையிலிருந்து 4 மீற்றர் மேலே, குழாய் உராய்வுக்கு 1 மீற்றர்: மொத்தம் 12 மீற்றர். 11,100 கிலோகிராம் தண்ணீரை 12 மீற்றர் தூக்க வேண்டிய சக்தி, நிறையை 9.81ஆலும் உயரத்தாலும் பெருக்கினால், சுமார் 13 இலட்சம் யூல், அதாவது 0.36 கிலோவாற்று மணித்தியாலம். சின்னப் பம்பிகளின் வினைத்திறன் குறைவு. மோட்டரோடு சேர்த்து 30 வீதம் என்று வைத்தால் உள்ளே கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 1.2 கிலோவாற்று மணித்தியாலம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தேவை. "பெரிய மோட்டர்" என்ற பேச்சு எங்கே, இந்த எண் எங்கே!

இந்தச் சக்தியை எங்கிருந்து எடுப்பது? கிணற்றுக்குக் கிட்ட மின்கம்பம் இருந்தால் யோசிக்காமல் கரண்டை எடுங்கள். சாதாரணச் சின்ன மோட்டர் எந்தக் கடையிலும் உண்டு, திருத்துவோரும் உண்டு. மின்கம்பம் தூரமென்றால் எஞ்சின் அல்லது சோலர். எஞ்சின் வாங்கும் விலை குறைவு. ஆனால் வாங்கும் விலையோடு எரிபொருள், திருத்தச் செலவு, எரிபொருள் கிடைக்காத நாட்களில் இழக்கும் பயிர் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. ஒற்றை எரிபொருளில் தொங்கும் தோட்டத்துக்கு அது என்ன செய்தது என்பதை விளக்கத் தேவையில்லை.

சோலர் என்றால் கோடையில் ஒரு நாளுக்கு ஐந்து மணித்தியால முழு வெயில் என்று எடுக்கலாம். தூசி, சூடு, வயர் இழப்புக்காக 75 வீதம்தான் கிடைக்கும் என்று வைத்தால் 1.2ஐ 3.75ஆல் வகுக்க, 320 வாற்று. 450 வாற்றுப் பலகை ஒன்று போட்டால் கையில் நல்ல இடைவெளி இருக்கும். வன்னி ஏறத்தாழ 9 பாகை வட அகலாங்கில் இருப்பதால் பலகையைத் தெற்கு நோக்கி 10 பாகை சரித்தால் சரி. மழைநீரும் தூசியைக் கழுவிக்கொண்டு போகும்.

அப்புறம் பலகையைக் காற்று தூக்குமா? இதைக் கணக்குப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம். செக்கனுக்கு 30 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்குச் சுமார் 540 நியூட்டன். 2 சதுர மீற்றர்ப் பலகைக்கு, வடிவக் குணகம் (பலகையின் வடிவத்துக்காகப் பெருக்கும் எண்) 1.3 என்று வைத்தால், 1,400 நியூட்டன். ஏறத்தாழ 143 கிலோ நிறை மேல்நோக்கி இழுப்பதற்குச் சமம். பாதுகாப்புக் காரணி 1.5 போட்டால் 215 கிலோ. நான்கு கால்களுக்கும் நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்ரிமீற்றரான கொங்கிறீற்றுக் கட்டிகள் போட்டால் ஒவ்வொன்றும் 65 கிலோ, மொத்தம் 260. தாங்கும். தாங்கியைப் பதிவாக வையுங்கள். உயரம் கூடக்கூடக் கவிழ்க்கும் விசை கூடும்.

பாதுகாப்புக் காரணி என்பது பயத்துக்குக் கூட்டுவது இல்லை. எங்களுக்குத் தெரியாதவற்றுக்கான இடம் அது: நான் எடுத்த காற்று வேகம் சரியா, சீமெந்துக் கலவை சரியாகக் கலந்தார்களா, மண் மாரியில் இளகுமா? தெரியாதது கூடினால் காரணியும் கூட வேண்டும். ஆள் உயிருக்கு ஆபத்து வரும் இடத்தில் இன்னும் கூட.

அப்படியான இடம் ராங்கித் தாங்கி. 2,000 லீற்றர் ராங்கி நிறைந்தால் 2 தொன். 3 மீற்றர் உயரத்தில் 2 தொன் நிற்கிறது, கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தாங்கியின் நிறையையும் சேர்த்து 3 தொன் என்று வைத்தால் ஒரு காலுக்கு 0.75 தொன். ஈரக் களிமண் ஒரு சதுர மீற்றருக்கு 5 தொன்தான் தாங்கும் என்று பயந்து எடுத்தால் 40 சென்ரிமீற்றர்ச் சதுர அடித்தளம் மட்டுமட்டாகப் போதும். நான் 60 போடச் சொல்வேன். ஒரு கால் மட்டும் இறங்கினாலே முழுத் தாங்கியும் சரியும்.

கடைசியாகக் குழாய். கடையில் விற்கும் சொட்டுவாயில் "மணிக்கு 2 லீற்றர்" என்று போட்டிருப்பது பொதுவாக 10 மீற்றர் நீருயர அழுத்தத்துக்கு. எங்கள் ராங்கியின் அடி 3 மீற்றரில்தான். பாய்ச்சல் அழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு போவதால் கிடைப்பது 1.1 லீற்றர். இதை அறியாமல் போட்டுவிட்டு "சாமான் சரியில்லை" என்று கழற்றி எறிந்த தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன்; சாமானில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

60க்கு 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் அரை ஏக்கருக்குச் சுமார் 7,500 கன்று. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் விட்டால் மணிக்கு 8,000 லீற்றருக்கு மேல் ஓட வேண்டும். சின்னக் குழாய் தாங்காது. தோட்டத்தை நான்கு பகுதியாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் மணிக்குச் சுமார் 2,000 லீற்றர்தான். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றேகால் மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. நான்கும் ஐந்தரை மணித்தியாலத்துக்குள் முடியும். பம்பியும் வெயில் நேரத்தில் மணிக்கு 2,200 லீற்றர் ஏற்றும். ஏறுவதும் இறங்குவதும் பொருந்துவதால் 11,000 லீற்றருக்கு ராங்கி தேவையில்லை, 2,000 போதும்.

இந்தப் பாய்ச்சலுக்கு ஒன்றேகால் இஞ்சிக் குழாயில் 100 மீற்றருக்குச் சுமார் 1.9 மீற்றர் அழுத்தம் உராய்வில் போய்விடும். கையில் இருப்பதே 3 மீற்றர். இரண்டு இஞ்சிக் குழாயில் இழப்பு 0.2 மீற்றர்தான். குழாயில் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

படி 7: எப்படி உடையும் என்று முன்கூட்டியே யோசியுங்கள்

வன்னிக் குளங்களைக் கட்டியவர்கள் இதில் எங்களுக்கு ஆசான்கள். குளக்கட்டும் துருசும் மட்டும் இருந்தால் குளம் முழுமையாகாது, வான் வேண்டும். கொள்ளளவுக்கு மிஞ்சிய தண்ணீர் எந்த வழியால், எந்த மட்டத்தில், யாருக்கும் தீங்கில்லாமல் வெளியேற வேண்டும் என்பதைக் கட்டும்போதே தீர்மானித்தார்கள். ஒரு குளத்து வான் நீர் கீழே உள்ள அடுத்த குளத்துக்குப் போகும்படி தொடராக அமைத்தார்கள். அளவு மிஞ்சும் நாள் வரும் என்று ஏற்றுக்கொண்டு, அந்த நாளுக்கு ஒரு வழியையும் கட்டிவைத்த அறிவு அது.

எங்கள் சின்னத் திட்டத்திலும் ஒவ்வொரு பாகத்துக்கும் கேளுங்கள்: இது பிழைத்தால் என்ன நடக்கும், அந்த நேரம் எது காப்பாற்றும்? ராங்கி நிரம்பி வழிந்தால்? வழிவு நீரைக் குழாயால் தாங்கியின் காலடியிலிருந்து தூரக் கொண்டுபோங்கள். அடித்தளத்தை அரிக்க விடக்கூடாது. கிணறு வற்றினால்? தண்ணீரில்லாமல் ஓடும் பம்பி எரியும். மட்டம் இறங்கினால் நிறுத்தும் மிதவை ஆளி போடுங்கள். சோலர் என்றபடியால் இறைக்கக் காசு போகாது. அதனால் தேவைக்கு மேல் இறைக்கும் ஆசை வரும். அந்த ஆளி கிணற்றுக்கும் அயலுக்கும் காவல். சொட்டுவாய் அடைத்தால்? ராங்கி வாயிலில் 120 மெஷ் (ஓர் இஞ்சிக்கு 120 கண் உள்ள வலை) வடிகட்டி, ஒவ்வொரு வரிசையின் வால் முனையிலும் திறந்து மூடும் மூடி. ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னலுக்கு எர்த் கம்பி.

கிணறு தருவதற்கும் தேவைக்கும் இடையில் எங்களிடம் 12 வீத இடைவெளிதான் உண்டு. மழை பொய்த்த வருடத்தில் அது போதாது. நான்கு பகுதியாகப் பிரித்தது இங்கேயும் உதவும். மாரி குறைந்த வருடத்தில் ஒரு பகுதிக்கு மிளகாய் நடாமல், ஆடிக்கு முன்னரே அறுக்கக்கூடிய பயறு போட்டுவிடுங்கள். ஓகஸ்டில் அந்த வால்வை மூடினால் தேவை 8,300 லீற்றராக இறங்கும். முழுத் தோட்டமும் வாடுவதைவிட முக்கால் தோட்டம் நன்றாக நிற்பது மேல்.

எஞ்சின் பாவிப்பவர்களுக்கு ஒரு விசயம், தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். தரையில் வைத்த பம்பி நடைமுறையில் சுமார் 7 மீற்றருக்கு மேல் தண்ணீரை உறிஞ்சாது. வளியமுக்கத்தின் எல்லை அது, எஞ்சினின் பலத்தால் அதை மீற முடியாது. கோடையில் மட்டம் அதற்குக் கீழே போகும்போது சிலர் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிறார்கள். அதிலிருந்து வரும் கார்பனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவர் மயங்குவார், தூக்கப் போனவரும் மயங்குவார். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. ஆழம் 7 மீற்றரைத் தாண்டும் என்று அளவு காட்டினால் நீருக்குள் மூழ்கும் மின்பம்பிதான் வழி. அதை வாங்க முடியாவிட்டால் அந்தக் காணியில் கோடை மிளகாய் வேண்டாம்.

படி 8: ஒரு வரிசையில் சோதியுங்கள்

7,500 சொட்டுவாயையும் வாங்குமுன் ஒரு வரிசைக்கு மட்டும் வாங்கி, தற்காலிகமாக உயர்த்திய பரல் ஒன்றிலிருந்து ஓட விடுங்கள். பதினாறு போத்தல்களை வரிசை நெடுக வைத்து அரை மணித்தியாலம் பிடியுங்கள். மிகக் குறைந்த நான்கின் சராசரியை, எல்லாவற்றின் சராசரியால் வகுங்கள். 0.85க்கு மேல் வந்தால் நல்லது. குறைந்தால் வரிசை நீளமா, மேடு பள்ளமா, அடைப்பா என்று தேடுங்கள். இரண்டு மூன்று கிழமை ஓட விட்டு மறுபடி பிடியுங்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு விரைவாகத் துளையை அடைக்கும் என்பது அப்போதுதான் தெரியும். எண் இறங்கினால் வடிகட்டியை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

படி 9: ஒப்படைப்பு

ஒரு கொப்பியைத் தோட்டத்திலேயே, நனையாத பையில் தொங்கவிடுங்கள். குழாய் எந்த வழியால் புதைந்திருக்கிறது என்ற படம், ஒவ்வொரு பாகத்தின் அளவு, அது கிடைக்கும் கடை, வடிகட்டி கழுவும் நாள், வாரம் ஒருமுறை வால் முனை திறக்கும் வேலை எல்லாம் அதில் இருக்கட்டும். கிணற்று மட்டத்தையும் வாரம் ஒருமுறை அதிலேயே குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் நிற்கும்போதே, நாளாந்தம் பாவிக்கப் போகிறவர் தன் கையால் வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மறுபடி பூட்ட வேண்டும். குழாய் மூட்டு ஒன்றை உடைத்து ஒட்டியும் பார்க்க வேண்டும். அவருக்கு எது கஷ்டமாக இருக்கிறதோ அதை அன்றைக்கே மாற்றுங்கள்.

பிறகு இரண்டு முறை திரும்பிப் போங்கள். ஒன்று, முதல் மாரி முடிந்து தை மாதத்தில்: தாங்கியின் கால்கள் இறங்கியிருக்கின்றனவா என்று மட்டக்குழாய் வைத்துப் பாருங்கள். மற்றது செப்டெம்பரில்: நூலையும் கல்லையும் கொண்டுபோய்க் கிணற்றை அளந்து, படி 4இல் எழுதிய வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடைசி வரிசையின் கடைசிக் கன்றடியில் போத்தலை வையுங்கள்.